‘ம’வில் தொடங்கிய பெரியவர்கள்

நம்மில் பலருக்குக் காதோரம் வெள்ளி விழத் தொடங்கிவிட்டது. சாயம் பூசுகிறவர்கள் பூசுகிறோம், பூசாதவர்கள் தத்துவம் பேசுகிறோம். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டங்களில், அந்தக் குட்டிக் கதிரைகளில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருக்கிறோம். போன கிழமை அப்படி ஒரு கூட்டத்தில் ஆசிரியை பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். தன் பிள்ளையின் பெயர் வந்ததும் ஒவ்வொரு தாயும் தகப்பனும் தலையை நிமிர்த்தினார்கள். எனக்கு என் நான்காம் வகுப்பு நினைவுக்கு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தும் போகவில்லை. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

ஜெர்மன் நகரான ஹம்மில் என்னோடு வளர்ந்தவர்களே, மார்க் காசு போய் யூரோ வந்த அந்த வருடம் உங்களுக்கு நினைவிருக்கும். ஊர் முழுக்கப் புதுக் காசைப் பற்றிய பேச்சு. என் அப்பாவுக்கு அதில் கவனமே இருக்கவில்லை. அவர் அப்போது உலகத்துப் பெரியவர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். அரசர், அறிஞர், இசைக்காரர், கடலோடி, யாராக இருந்தாலும் சரி. பெயர் ‘ம’வில் தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

இது ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேரன்று தொடங்கியது. தார் ரோடு காலைச் சுட்டது. கற்பூரப் புகையும் கால்வாய்த் தண்ணீரின் பச்சை வாடையும் எண்ணெயில் வேகும் வடையின் மணமும் ஒன்றாகக் கலந்து வந்தன. சேலைக் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் நடுவில் ஒரு குடையின் கீழ், லண்டனிலிருந்து வந்த சாத்திரியார் ஒருவர் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். அப்பா என் சாதகத்தை நீட்டினார். அம்மா வேண்டாம் என்று கண்ணால் சொன்னது அப்பாவின் கண்ணில் படவில்லை.

“எங்கை பிறந்தவ?” என்று சாத்திரியார் கேட்டார்.

“இஞ்சைதான், ஹம்மிலை.”

“நேரம்?”

“இரவு பத்து மணி.”

“சாதகம் எழுதினது?”

“கொழும்பிலை, மனிசியின்ர அண்ணர் எழுதுவிச்சவர். நான் போனிலை நேரம் சொன்னனான்.”

சாத்திரியார் கண்ணாடியைக் கழற்றினார். “எந்த ஊர்ப் பத்து மணி எண்டு சொன்னனீங்களோ?”

அப்பாவின் வாய் திறந்தபடியே நின்றது. நான் பிறந்த இரவில், பனியில் உறைந்த தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று அவர் மாமாவுக்குச் சொன்னது ‘இரவு பத்து மணி’ என்று மட்டும்தான். மாமா அதை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். இங்கே பத்து மணியாகும்போது அங்கே அடுத்த நாள் பிறந்து வெகுநேரம் ஆகியிருக்கும் என்பது சந்தோஷத்தில் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. அந்த இடைவெளிக்குள் சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடந்து போய்விட்டது. நான் ஒன்பது வருடமாக ஆயிலியமாக இருந்தேன். ஒரு குடையின் கீழ் மகமாகிவிட்டேன்.

“பேர் ‘ம’விலை வந்திருக்க வேணும்,” என்றார் சாத்திரியார். “நல்ல பெரிய இடத்துக்குப் போற நட்சத்திரம். ஆனால் பேர் வேறையாக் கிடக்கு. விலாசம் பிழைச்சால் தபால் வந்து சேருமே?”

அப்பாவை இந்தக் கேள்வி பிடித்துக்கொண்டது. ஏன் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. ஊரில் கணிதம் படிக்க எல்லா ஆயத்தமும் செய்திருந்தவர் அவர். போர் வந்து அதை முறித்தது. இங்கே வந்து கார்களுக்கு பிளாஸ்டிக் மூடி வார்க்கும் இயந்திரத்தின் முன்னால் நின்றார். தனக்கு வரவேண்டிய தபால் எங்கோ வழியில் தொலைந்துவிட்டது என்று அவர் எப்போதும் நினைத்திருக்க வேண்டும். என்னுடையதும் தொலைய விடக்கூடாது என்று நினைத்தார். நான்காம் வகுப்பு முடிவில் பிள்ளைகளை மூன்று விதமான பள்ளிக்கூடங்களுக்குப் பிரிப்பார்கள், உங்களுக்குத் தெரியும். பல்கலைக்கழகம் வரை போகிறவர்களுக்கு கிம்னாசியம், நடுவில் ரியால்சூலே, சீக்கிரம் கைத்தொழிலுக்குப் போகிறவர்களுக்கு ஹவுப்ட்சூலே. எனக்கு அந்த வருடம் வந்துகொண்டிருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போதே அப்பா புதுப் பெயரைத் தேர்ந்துவிட்டார். நல்ல பெயர்தான். ஒரு குறையும் சொல்ல முடியாது. என்னுடையதாக மட்டும் இருக்கவில்லை.

“ஒன்பது வருசமாக் கூப்பிட்ட பேரப்பா,” என்றார் அம்மா.

“ஒன்பது வருசமாப் பிழையாக் கூப்பிட்டிருக்கிறம்.”

நகரசபை அலுவலகத்தில் பெயர் மாற்றக் கேட்டபோது, அதற்குக் கனமான காரணம் வேண்டும், அன்ட்ராக் என்ற விண்ணப்பம் எழுத வேண்டும் என்றார்கள். நட்சத்திரம் கனமான காரணம் இல்லையாம். அப்பா மனம் தளரவில்லை. “கடதாசியிலை கிடக்கிறது கிடக்கட்டும். வாயாலை கூப்பிடுறதுதான் முக்கியம்,” என்றார். அன்று முதல் வீட்டில் அப்பா புதுப் பெயரால் கூப்பிட்டார். அம்மா எந்தப் பெயரும் சொல்லாமல் “குஞ்சு” என்று கூப்பிட்டுத் தப்பித்துக்கொண்டார். அம்மாவின் எதிர்ப்பு அப்படித்தான் இருக்கும்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் அப்பா ஆசிரியையைச் சந்திக்க நேரம் கேட்டு, ஒரு டெர்மின் எடுத்து, கலியாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு என்னோடு வந்தார். முதல் மூன்று வருடமும் எங்களுக்குப் படிப்பித்த ஆசிரியை குழந்தை பெறப் போயிருந்தார். புது ஆசிரியைக்கு வகுப்பில் யாரையும் தெரியாது. அப்பாவின் ஜெர்மன் தொழிற்சாலைக்குப் போதும், பள்ளிக்கூடத்துக்குப் போதாது. ஆகவே நான்தான் மொழிபெயர்த்தேன். நம் எல்லோருக்கும் பழக்கமான வேலைதானே. வைத்தியரிடம், வீட்டுக்காரரிடம், வெளிநாட்டவர் அலுவலகத்தில், எத்தனை இடத்தில் நம் பெற்றோரின் வாயாக இருந்திருக்கிறோம்.

“இனிமேல் என்னை இந்தப் பெயரால் கூப்பிடும்படி அப்பா கேட்கிறார்,” என்றேன்.

“வீட்டில் உன்னை இப்படித்தான் கூப்பிடுவார்களா?”

அப்பாவிடம் கேட்டேன். “ஓம் எண்டு சொல்லு,” என்றார். சொன்னேன்.

ஆசிரியை மிகவும் நல்லவர். ஒரு குடும்பத்தின் பழக்கத்தை மதிக்கிறோம் என்ற மகிழ்ச்சி அவர் முகத்தில் தெரிந்தது. தடித்த அட்டையில் புதுப் பெயரைப் பச்சை மையால் வடிவாக எழுதி என் மேசையில் நிறுத்திவைத்தார்.

சில நாட்களில் அப்பாவுக்கு ஒரு சாட்சியும் கிடைத்தது. பழைய தளபாடங்களை வீதியோரத்தில் வைக்கும் பெரிய குப்பை நாளில், காலை வேலை முடித்து சைக்கிளில் வந்தவர், ஒரு கிழிந்த சோபாவின் மேல் தடித்த புத்தகம் ஒன்றைக் கண்டார். ஏதோ கலைக்களஞ்சியத்தில் தனித்துப்போன ஒரு தொகுதி. முதுகில் பொன் நிறத்தில் ஒற்றை எழுத்து, M. அப்பா அதைத் தெய்வமே கொண்டுவந்து சோபாவில் வைத்ததாக நம்பினார். சைக்கிள் பெட்டியில் வைத்துத் தன் மழைக் கோட்டால் மூடி, தான் நனைந்துகொண்டு வந்தார்.

அந்தப் புத்தகத்தின் மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. நிலவறை ஈரமும் பழைய புகையிலையும் கலந்த மணம். பக்கங்களின் ஓரம் சிவப்பு. விரலை நனைத்துப் புரட்டினால் விரல் நுனியிலும் சிவப்பு ஒட்டும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அம்மா மேசையைத் துடைப்பார், அப்பா புத்தகத்தை விரிப்பார். படத்தைக் காட்டி “இவர் ஆர்?” என்பார். நான் கீழே இருக்கும் பொடி எழுத்தை வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும்.

மோசார்ட் வந்தார். ஐந்து வயதிலேயே இசை அமைத்தவர் என்று வாசித்தேன். “அஞ்சு வயசிலை!” என்று அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார், அம்மா ஏதோ தடுத்ததுபோல. மைக்கலாஞ்சலோ வந்தார். மார்க்கோ போலோ வந்தார். தாடியோடு மார்க்ஸ் வந்தபோது, “இவரைத் தெரியும், ஊரிலை கன பொடியள் இவரைப் படிச்சுத்தான் கெட்டவங்கள்,” என்று சொல்லிவிட்டு, “ஆனாலும் பெரிய ஆள்,” என்று சேர்த்துக்கொண்டார். புத்தகத்தில் இல்லாதவர்களையும் விடவில்லை. காந்தி எப்படி ‘ம’வில் வருவார் என்றேன். மகாத்மா என்றார். கியூரி அம்மையார்? மேரி. ஐன்ஸ்டைன்? அப்பா கொஞ்சம் யோசித்தார். “அவருக்குப் பள்ளிக்கூடத்திலை கரைச்சல் எண்டு ஒரு கதை இருக்கு. பேர் பொருந்தேல்லை, பாத்தியே?” என்றார்.

ஒருநாள் மொட்டைத் தலையும் முன்தள்ளிய தாடையுமாக ஒருவரின் படம். “இவர் ஆர்?” முசோலினி என்று வாசித்தேன். அவர் என்ன செய்தார், எப்படிச் செத்தார் என்றும் வாசித்தேன். அப்பா அந்தப் பக்கத்தை மெதுவாகப் புரட்டினார். “அது வேற,” என்றார்.

ஆனால் எனக்கு அது வேறாகத் தெரியவில்லை. அப்பா பின்னேர வேலைக்குப் போகும் நாட்களில் நான் தனியாகப் புத்தகத்தை எடுத்து வாசித்தேன். மகெல்லன் உலகைச் சுற்றக் கிளம்பி, சுற்றி முடிக்குமுன் ஒரு தீவில் கொல்லப்பட்டார். மரி அந்துவனெத், மேரி ஸ்டூவர்ட் என்ற இரண்டு அரசிகளின் தலையும் வெட்டப்பட்டது. பிரெஞ்சுப் புரட்சிக்காரர் மாராவைக் குளியல் தொட்டியில் வைத்துக் குத்தினார்கள். மோசார்ட்டும் கிழவர் ஆகவில்லை. எனக்கு மெல்லப் பயம் பிடித்தது. இந்த எழுத்துக்குள் என்னை ஏன் தள்ளுகிறார்கள் என்று நினைத்தேன்.

“அப்பா, இவையளிலை கனபேரைக் கொலை செய்துபோட்டாங்கள்,” என்று ஒருநாள் சொன்னேன்.

“பெரிய ஆக்களுக்கு எதிரிகள் இருப்பினம்.”

“நான் பெரிய ஆளா வராட்டில்?”

அப்பா அடுத்த படத்தைக் காட்டினார். பட்டாணிச் செடி வளர்த்த துறவி, மெண்டல். எனக்கு அந்தப் புத்தகத்திலேயே பிடித்தவர் அவர்தான். தோட்டத்தில் நின்று செடிகளைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஆசிரியர் பரீட்சையில் சித்தியடையவில்லை. செத்த பிறகுதான் உலகத்துக்கு அவரைத் தெரிந்தது. அப்பாவுக்கு அவரைப் பிடிக்கவில்லை. “செத்தாப் பிறகு தெரிஞ்சு என்ன பிரயோசனம்?” என்றார். தன் வாழ்நாளுக்குள் தெரியவேண்டும் என்ற அவசரம் அவருக்கு.

வீட்டில் இப்படி. பள்ளிக்கூடத்தில் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

வீட்டில் அப்பா எந்தப் பெயரைச் சொன்னாலும் அந்தக் குரலுக்கே நான் திரும்பிவிடுவேன். வகுப்பில் அப்படி நடக்கவில்லை. ஆசிரியை புதுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். நான் கொப்பியில் கணக்குச் செய்துகொண்டிருப்பேன், அல்லது யன்னலுக்கு வெளியே கஸ்டானியன் மரத்துக் காய்கள் விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிடிவாதம் ஒன்றுமில்லை. அந்தச் சத்தத்துக்கும் எனக்கும் சம்பந்தம் இருப்பதாக என் காதுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த தோழி முழங்கையால் இடித்த பிறகுதான் எழும்புவேன். அதற்குள் கேள்வி வேறு யாருக்கோ போயிருக்கும். தோழியும் மற்றவர்களும் பழைய பெயரையே சொன்னார்கள், ஆசிரியை மட்டும் புதுப் பெயர். பெரியவர்கள் பிள்ளைகளை வேறு பெயரால் கூப்பிடுவது அவர்களுக்கு ஒரு புதுமையாகவே இருக்கவில்லை.

ஆசிரியையின் பக்கத்திலிருந்து இப்போது நினைத்துப் பார்க்கிறேன். ஒரு பிள்ளை, பிறந்ததிலிருந்து வீட்டில் கூப்பிடும் பெயருக்கே திரும்புவதில்லை. வேறு என்னதான் நினைப்பார்? முதலில் காதைச் சந்தேகித்தார். காது வைத்தியரிடம் அனுப்பச் சொல்லி எழுதினார். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்த்தி, காதில் பெரிய மூடிகளை மாட்டி, மெல்லிய கீச்சுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். எல்லாச் சத்தமும் கேட்டது. “காது வடிவாக் கேக்குதாம்,” என்று அப்பா பெருமையோடு வீட்டுக்குக் கூட்டிவந்தார். காதில் குறை இருந்திருந்தாலாவது நல்லதாகப் போயிருக்கும். இல்லை என்றதும் ஆசிரியைக்கு எஞ்சியது ஒரே முடிவுதான்.

நவம்பரில் பெற்றோரைச் சந்திக்கும் நாள். முதியோர் இல்லத்தில் வேலை முடித்து அம்மா நேராக வந்திருந்தார், கையில் கிருமிநாசினி வாடையோடு. ஈரமான மேற்சட்டைகள் வெளி நடைக்கூடத்தில் தொங்கி ஆவி விட்டுக்கொண்டிருந்தன. ஆசிரியையின் மேசையில் புதினாத் தேநீர். நான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன்.

கணக்கு நல்லது என்றார் ஆசிரியை. சொன்னேன். அப்பா தலையாட்டினார். எழுத்தும் பரவாயில்லை என்றார். சொன்னேன். பிறகு ஆசிரியை குரலைத் தாழ்த்தினார். பிள்ளைக்கு முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும், ஆனால் அவருக்கும் என்னை விட்டால் வேறு வாய் இல்லை.

நான் தமிழில் சொன்னேன்: “எனக்குக் கவனம் இல்லையாம். கிம்னாசியத்திலை நான் துலைஞ்சு போயிடுவனாம். ஹவுப்ட்சூலேக்குத்தான் எழுதப் போறாவாம். அங்கை மெதுவாப் படிப்பிப்பினமாம்.”

அப்பாவின் முகம் வெளிறியது. “ஏனாம்?”

“என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் நான் திரும்புறேல்லையாம்.”

“என்னெண்டு கூப்பிட்டவவாம்?”

கேட்டேன். ஆசிரியை பச்சை மையில் தான் எழுதிய பெயரை, ஒவ்வொரு எழுத்தையும் கவனமாக, சரியாக உச்சரித்தார். அப்போதும் நான் ஆசிரியையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல.

அப்பாவுக்கு விளங்கிவிட்டது. அவர் கணிதக்காரர், கணக்குப் பிழைத்த இடம் அவருக்குச் சட்டென்று தெரியும். கோட்டின் நடுப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தார். ஆசிரியை தேநீரை அவர் பக்கம் தள்ளிவைத்தார்.

“இப்ப சொல்லுங்கோ,” என்றார் அம்மா. அந்த ஆறு மாதத்தில் அம்மா குரலை உயர்த்தியது அந்த ஒருமுறைதான். “உங்கடை வாயாலை சொல்லுங்கோ.”

அப்பாவின் வாய் நான்தானே. என் பக்கம் குனிந்தார். “அது இவளின்ர பேர் இல்லை எண்டு சொல்லு.”

சொன்னேன். ஆசிரியைக்கு விளங்கவில்லை. அப்படியென்றால் யாருடையது என்று கேட்டார்.

“நான்தான் மாத்தினனான் எண்டு சொல்லு. பெரிய ஆளா வருவாள் எண்டு நினைச்சு மாத்தினனான். இவளிலை ஒரு பிழையும் இல்லை. பிழை என்ரை. சொல்லு.”

ஒன்பது வயதில் அதை நான் ஜெர்மன் மொழியில் சொன்னேன். என் அப்பா சொல்கிறார், பிழை தன்னுடையது என்று. என் அப்பா சொல்கிறார், என்னில் பிழை இல்லை என்று. வாழ்க்கையில் அதற்குப் பிறகு எத்தனையோ மொழிபெயர்த்திருக்கிறேன், சம்பளத்துக்கும் செய்திருக்கிறேன். அவ்வளவு பாரமான வசனம் எனக்குத் திரும்ப வரவில்லை. அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், சொல் ஒன்றும் குறையாமல் போய்ச் சேருகிறதா என்று.

ஆசிரியை என்னிடம் திரும்பி, “உன்னை எந்தப் பெயரால் கூப்பிட வேண்டும்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை. இதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அந்தளவு ஜெர்மன் அப்பாவுக்குத் தெரியும். நான் பழைய பெயரைச் சொன்னேன். அப்பா தலையை மேலும் கீழும் ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியை அடுத்த நாளே அட்டையை மாற்றினார். நான் முதல் கூப்பிடலிலேயே எழும்பினேன். ஆனால் இரண்டு மாதத்துக்குள் ஒரு பிள்ளையைப் பற்றிய எண்ணம் முழுவதும் மாறுமா? சனவரியில் ரியால்சூலே என்று எழுதிக் கொடுத்தார்கள். என் தோழி கிம்னாசியத்துக்குப் போனாள், நான் மற்றப் பக்கம் போகும் பேருந்தில் ஏறினேன். அது வெறும் ஆலோசனைதான், தாய் தகப்பன் நின்று கேட்டிருந்தால் வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கலாம் என்பது வளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அப்பா அதைத் தீர்ப்பு என்று நம்பினார். தனக்குக் கிடைக்க வேண்டிய தீர்ப்பு என்றே நம்பினார். நான் சுற்றுவழியில் நடந்து பல்கலைக்கழகம் வந்து சேர்ந்தேன். வழியில் பல வருடம் எனக்குக் கோபம் இருந்தது. அப்பாவில் மட்டுமல்ல, அப்பாவை எதுவுமே கேட்காமல் தேநீரைத் தள்ளிவைக்கிற எல்லா நல்லவர்களிலும். இப்போது கோபம் இல்லை, துக்கம் இருக்கிறது. சிவப்பு ஓரம் போட்ட புத்தகத்தை அம்மா அடுத்த பெரிய குப்பை நாளில் வெளியே வைத்தார். யாரோ எடுத்துப் போனார்கள்.

அந்த நவம்பர்ப் பின்னேரத்தின் கடைசிப் பகுதியையும் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து வெளியே வந்தபோது இருட்டிக்கொண்டு வந்தது, மெல்லிய தூறல். அம்மா குடையோடு முன்னால் போனார். அப்பா நடுவில். என் சப்பாத்து நாடா அவிழ்ந்து, கட்டுவதற்காக நான் குனிந்துவிட்டேன். தெருவுக்கு அப்பால் பேருந்து வந்து நின்றது. அப்பா திரும்பி என்னைக் கூப்பிட வாயைத் திறந்தார்.

சத்தம் வரவில்லை. பழைய பெயரைப் பிழை என்று அவரே சொல்லியிருந்தார். புதுப் பெயரைப் பிழை என்று சொல்லவைத்தவரும் அவர்தான். வாயைத் திறந்தபடி, தூறலில், தன் பிள்ளைக்குப் பெயர் இல்லாமல் நின்றார். பேருந்து கதவை மூடிக்கொண்டு போனது. நான் நாடாவைக் கட்டிமுடித்து அவரிடம் நடந்து வரும்வரை அப்படியே நின்றார்.

“வாங்கோ பிள்ளை,” என்றார்.

உங்கள் அப்பாமாரும் உங்களை அப்படித்தான் கூப்பிட்டிருப்பார்கள். நம் வீடுகளில் அது சாதாரணச் சொல். என் அப்பா மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை என்னை வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.